கால் வந்தது, தலை வரவில்லை

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பந்திங் பக்கத்து அண்ணன் ஒருவர் கேட்டது. அப்படியே போடுகிறேன்.

"இப்போது ஆடும் பையன்கள் இரண்டாம் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கேட்டால் மைண்டு டயர்டாம். நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்குப் (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பாலுக்கு மரம் வெட்டி, பால் தூக்கி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு வெறுங்காலோடு திடலில் நின்றவர்கள். மூளை களைத்தால் கால் எப்படி ஓடாமல் போகும்? சோம்பேறித்தனத்துக்கு வைத்த புதுப் பெயர்தானே இது?"

அண்ணே, பத்து வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். (ஊர்ப் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பலகையில் இருப்பது அது, வாயில் வருவது இது.)

சோம்பேறித்தனம் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூளைக் களைப்பு காலைத் தொடாது என்பது தப்பு. 2009-இல் வேல்ஸில் உள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேலே மார்கோராவும் கூட்டாளிகளும் பதினாறு பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் கணினித் திரையில் எழுத்துகள் வந்து வந்து போகும், பார்த்துப் பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். இன்னொரு நாள் அதே ஒன்றரை மணி நேரம் சும்மா ஒரு விவரணப் படம். இரண்டு நாளும் அது முடிந்ததும் சைக்கிளில் ஏறி, இனி முடியாது என்கிற வரை மிதிக்க வேண்டும். மூளை வேலை பார்த்த நாளில் இரண்டு நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டார்கள். சீக்கிரம் இறங்கியதற்கான காரணம் இதயத்திலோ மூச்சிலோ தசையிலோ அகப்படவில்லை. அதே மிதிதான், ஆனால் அன்றைக்கு அது அவர்களுக்குக் கூடுதல் பாரமாகத் தெரிந்திருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

5 ஆகஸ்ட்

திருத்தம். இரண்டு நிமிடம் இல்லை. படம் பார்த்த நாளில் சராசரி 754 வினாடி, மற்ற நாளில் 640. வித்தியாசம் 114. எடைப்பாலத்தில் (லாரியை எடை போடும் இடம், என் வேலை அங்கேதான்) உட்காருகிறவன் ஆறு வினாடியைக் கணக்கில் விடக்கூடாது.

அது என்ன படம் என்று கேட்ட தம்பிக்கு: ஒன்று ரயிலைப் பற்றி, இன்னொன்று ஃபெராரி காரைப் பற்றி. ரயிலைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்க மாட்டார்களா என்று எனக்கும் தோன்றியது. தூங்கினார்களோ இல்லையோ, அவர்கள்தான் கூடுதல் நேரம் மிதித்தார்கள்.

9 ஆகஸ்ட், வெள்ளி

"சைக்கிள் வேறு, பந்து வேறு" என்று அண்ணன் மறுபடியும் வந்திருக்கிறார். நியாயம்தான். பந்துக்கு வருகிறேன், அதற்கு முன் என் கதை.

செம்பனை ஆலையில் எடைப்பாலக் கிராணி நான். லாரி பாலத்தில் ஏறும், எடை போட வேண்டும், எந்தத் தோட்டம், எந்த லாட்டு, வண்டி எண் எல்லாம் தட்ட வேண்டும். குலையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டி திரும்பி வரும், மறுபடி எடை. பழம் காத்திருக்காது. வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் லாரியும் காத்திருக்காது, டிரைவரும் காத்திருக்க மாட்டார். காய்ப்பு அதிகமான மாதங்களில் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடும். நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே ஒண்ணுக்குப் போக மட்டும்தான். உடம்புக்கு ஒரு வேலையும் இல்லை, குளிர்சாதன அறை வேறு.

அப்படி ஒரு நாள் காலை ஷிப்டு முடிந்து ஐந்தரைக்கு வெட்டரன் ஆட்டம். எங்களுக்கு மஞ்சள் சட்டை. நடுத்திடலில் பந்து என் காலுக்கு வருகிறது. வலப்பக்கம் ஆள் தனியாக நிற்கிறார், தெரிகிறது. இடப்பக்கமும் ஒரு மஞ்சள் தெரிகிறது. இரண்டில் எது என்று முடிவெடுக்க எனக்கு அரை வினாடி போதும், இருபது வருடப் பழக்கம். அன்றைக்கு அந்த அரை வினாடி வரவே இல்லை. கண்ணுக்குள் வண்டி எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. இடப்பக்கம் அருமையாக ஒரு பாஸ் கொடுத்தேன், நல்ல வேகம், நல்ல குறி.

அது ரெபரி. அவரும் மஞ்சள்.

அதற்கு முந்தின வாரம் மாமனாரின் செம்பனைக் காட்டில் மட்டை வெட்டிப் போட்டுவிட்டு வந்தேன். கை தூக்க முடியவில்லை, இடுப்பு கழன்றது. அன்றைக்கு ஒரு பாஸ்கூடத் தப்பவில்லை. ஓடத்தான் முடியவில்லை.

14 ஆகஸ்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என்னிடம் ஒரு பையன் ஆடினான், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன், அப்போது படிவம் ஐந்து. போன வருடம் ஒரு புதன்கிழமைப் பயிற்சியில் மூன்று முறை நேராக எதிராளியின் காலுக்கே பந்தைக் கொடுத்தான். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்து ரவுண்டு ஓடு, அப்போதான் புத்தி வரும்" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் ஓடினான். பத்து ரவுண்டையும் ஒரே வேகத்தில் முடித்தான். வந்து நின்றபோது மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம். கால் இவ்வளவு நன்றாக இருக்கிறது, அப்புறம் ஏன் இப்படி ஆடுகிறான், திமிர்தானே என்று.

அவன் அக்கா இரண்டு வாரம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னாள். புதன்கிழமைகளில் காலை ஏழரையிலிருந்து பள்ளி, அது விட்டதும் கூடுதல் வகுப்பு, அதிலிருந்து நேராகக் கணக்கு டியூஷன், அங்கிருந்து சைக்கிளை மிதித்து என் திடல். பகல் சாப்பாடு ஒரு ரொட்டி. அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கால் நன்றாக இருந்ததுதான் எனக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். நான் அதையே குற்றமாக எடுத்துக்கொண்டேன்.

15 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கிள்ளான் தம்பி பிடித்துவிட்டார்: "மூளைக் களைப்பு ஓட்டத்தையும் குறைக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டு, அந்தப் பையன் பத்து ரவுண்டு ஓடினான் என்றால் எப்படி?"

சரியான கேள்வி. பந்துக்கு வருகிறேன் என்று சொன்னேனே, அது இங்கேதான்.

2016-இல் மிட்செல் ஸ்மித் என்பவரும் ஆஸ்திரேலிய, பெல்ஜிய ஆய்வாளர்களும் காற்பந்து ஆடுகிறவர்களையே வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. அரை மணி நேரம் மூளைக்கு வேலை, அப்புறம் யோ-யோ ஓட்டம். யோ-யோ தெரியாதவர்களுக்கு: இருபது மீட்டர் போய் இருபது மீட்டர் திரும்ப வேண்டும், நடுவில் பத்து வினாடி இளைப்பாறல், பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகும், சத்தத்தைப் பிடிக்க முடியாதவன் வெளியே. சாதாரண நாளில் சராசரி 1410 மீட்டர் ஓடியவர்கள் மூளை களைத்த நாளில் 1203 மீட்டரில் நின்றுவிட்டார்கள். வேறு ஆட்டக்காரர்களுக்குப் பாஸ், ஷூட் சோதனைகளும் வைத்தார்கள். பாஸில் பிழை கூடியது. கோலுக்கு அடித்த பந்தில் குறியும் குறைந்தது, வேகமும் குறைந்தது. காணொளியில் ஆட்டத்தைக் காட்டி "இப்போது என்ன செய்வாய்" என்று கேட்ட இன்னொரு சோதனையில் முடிவு தப்பியது, தாமதமும் ஆனது.

ஆனால் 2017-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே மூச்சில் முழு பலத்தையும் காட்டும் வேலையில், அதாவது ஒரு குதி மாதிரியானவற்றில், மூளைக் களைப்பால் பெரிய மாற்றம் இல்லை. இழுத்துப் பிடித்து நெடுநேரம் செய்ய வேண்டியதில்தான் அடி விழுகிறது.

திடலைச் சுற்றிப் பத்து ரவுண்டு நெடுநேர வேலைதானே என்றால், ஆமாம். என்னிடம் நல்ல பதில் இல்லை. அவன் கோபத்தில் ஓடியிருப்பான். என்மேல் இருந்த கோபம்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

"மூளைக்கு வேலை" என்றால் என்ன வேலை என்று பலர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் ஸ்ட்ரூப் சோதனைதான். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935-இல் எழுதியது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதியிருக்கும். சொல்லைப் படிக்கக்கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நீலம் என்று சொல்வதற்குள் நாக்கு சிவப்பு என்று போய்விடும். அதை இழுத்துப் பிடிப்பதில்தான் களைப்பு.

நேற்று கோயில் மண்டபத்துப் பின்பக்கம் நான் மணிலா அட்டையில் எழுதிக் கொண்டுபோய்ப் பையன்களிடம் காட்டினேன். நாற்பது சொல், கலர் மார்க்கர், என் மகளின் கையெழுத்து. பையன்கள் தடுமாறுவார்கள், சிரிக்கலாம் என்று நினைத்தேன். முதல் மூவர் தடுமாறினார்கள். நான்காவது எங்கள் கோல் காவலன் கடகடவென்று ஒரு பிழை இல்லாமல் முடித்தான். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மூச்சு விடாமல். எல்லோரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். "டேய், நீ ஜீனியஸ்டா" என்றேன்.

"கோச், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் மலாய்ப் பள்ளி."

சொல்லைப் படிக்கத் தெரியாதவனுக்குச் சொல் எப்படிக் குறுக்கே வரும்? மேரா, ஹிஜாவ், கூனிங், பீரு என்று நிறங்களை மலாயில் அட்டையைத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது சொல்லிலேயே மாட்டிக்கொண்டான். அவன் மாட்டிக்கொண்டதில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை.

நாற்பது சொல்லுக்கே இப்படி. அரை மணி நேரம் விடாமல் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க, பாதிப் பேரை அட்டையிலும் பாதிப் பேரைச் சும்மாவும் உட்கார வைத்து, அப்புறம் கூம்பு வைத்துப் பாஸ் எண்ணலாம் என்று பெரிய திட்டம் போட்டேன். மழை வந்துவிட்டது. ஆராய்ச்சி ஆறு தட்டு மீ கோரெங்கோடு முடிந்தது.

21 ஆகஸ்ட்

ஈப்போ டீச்சர் நேற்று எழுதியதை எல்லோரும் படியுங்கள். சுருக்கம் இது: "மரம் வெட்டுவது உடம்பு வேலை, டியூஷன் மூளை வேலை என்று நீங்கள் இருவரும் சுலபமாகப் பிரித்துவிட்டீர்கள். என் அம்மா பால் வெட்டியவர். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழம் போனாலும் மரத்தில் காயம், மண்டோர் வந்து குச்சியை வைத்துக் காட்டித் திட்டுவார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ஐந்நூறு மரம். அது மூளை வேலை இல்லையா?"

இதற்கு நான் எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். என் அப்பாவும் பால் வெட்டியவர்தான். நான் அதை மூளை வேலையாக ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்பா நிரையில் நடக்கும்போது பேச மாட்டார். நான் கேள்வி கேட்டால் பதில் அடுத்த மரத்தில்தான் வரும். கத்தி பட்டையில் இருக்கும்வரை வாய் மூடியிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பத்து வருடம் செய்த கைக்கு அது பழகிவிடுகிறது. புதிதாக வந்தவனுக்கு ஒவ்வொரு வெட்டும் யோசனை, பழையவருக்குக் கை யோசிக்கும். ஸ்ட்ரூப் அட்டை அப்படிப் பழகவிடாது, ஒவ்வொரு சொல்லிலும் புதிதாகச் சண்டை போட வேண்டும். கணக்கு டியூஷனும் கிட்டத்தட்ட அப்படித்தான், குறைந்தபட்சம் எனக்கு.

21 ஆகஸ்ட், ராத்திரி

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று. 2016-இல் வந்த ஓர் ஆய்வு பந்திங் அண்ணனுக்குப் பிடிக்கும். சைக்கிளில் 11 தொழில்முறை வீரர்கள், 9 பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்கள். எல்லோருக்கும் அரை மணி நேரம் ஸ்ட்ரூப், அப்புறம் 20 நிமிடப் பந்தயம். பொழுதுபோக்கு ஆட்களின் ஓட்டம் தளர்ந்தது. தொழில்முறை ஆட்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஸ்ட்ரூப்பிலேயும் அவர்கள்தான் கெட்டி.

ஆகவே அண்ணன் காலத்து ஆட்கள் நிஜமாகவே கெட்டியாக இருந்திருக்கலாம். நாலரைக்கு எழுந்து, தினமும், மழையிலும் மனம் வராத நாளிலும் அதையே செய்தவர்களுக்கு "முடியவில்லை" என்பதை அடக்கும் பழக்கம் வந்திருக்கும். பிறவியிலேயே கெட்டியானவர்கள்தான் அந்தத் தொழிலில் நிற்கிறார்களா, நின்று நின்று கெட்டியானார்களா என்பது அந்த ஆய்விலும் பிரியவில்லை.

ஆனால் அண்ணே, ஒன்று. நாம் கணக்கில் எடுப்பது ஐந்து மணிக்குத் திடலுக்கு வந்தவர்களை மட்டும். லைன் வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர்களை யார் எண்ணினார்கள்? என் அப்பா ஒரு நாளும் திடலுக்கு வந்ததில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பேச்சு கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போய்விட்டது. 2010 டிசம்பர் 26, தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ண இறுதி, இரண்டு ஆட்டங்களில் முதலாவது, எதிரணி இந்தோனேசியா, ராஜகோபால் நம் பயிற்றுனர், நாம் 3-0. "ரசிகர்கள் லேசர் அடித்ததில் இந்தோனேசிய ஆட்டக்காரர்களுக்கு மூளைக் களைப்பு வந்துவிட்டது, அதனால்தான் இரண்டாம் பாதியில் மூன்று கோல்" என்கிறார் ஒருவர். அது மூளைக் களைப்பு இல்லை ஐயா. அது கண்ணில் லேசர். அவர்கள் வெளியே நடந்து போய் ஆட்டமே நின்றது, திரும்பி வந்த பிறகு நாம் போட்டோம். கவனம் கலைவது வேறு, கவனத்தைச் செலவழித்துச் செலவழித்துக் கை காலியாவது வேறு. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் கிண்ணம் நமக்குத்தான். லேசரைப் பற்றி இன்னும் பேச வேண்டும் என்றால் தனியாகப் பேசுங்கள், எனக்கு அது பெருமையான விஷயமாகத் தெரியவில்லை.

அதே பேச்சில் ஒருவர் "கோல் காவலருக்கு ஓட்டமே இல்லை, அவருக்கு எதற்குக் களைப்பு" என்றார். மலேசியக் கோல் காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தைப் பார்த்த தலைமுறை இப்படிக் கேட்கலாமா? தொண்ணூறு நிமிடமும் கண்ணை எடுக்காமல் நிற்பவருக்குத்தான் தலை முதலில் காயும்.

1 செப்டம்பர், ஞாயிறு

நேற்று மெர்டேக்கா (சுதந்திர நாள்) எழுவர் ஆட்டம், கோலா சிலாங்கூர் பக்கம். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

2019-இல் பிரேசிலில் லியோனார்டோ ஃபோர்ட்டஸ் குழு ஓர் ஆய்வு செய்தது. ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்கள் கைப்பேசியில் சமூக ஊடகம் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது, நாற்பத்தைந்து நிமிடம் பார்த்தபோது யாருக்குப் பாஸ் கொடுப்பது என்கிற முடிவு கெட்டது. இதைப் படித்தது முதல் எனக்குக் கை அரித்தது. வேனில் எங்களுக்கு அரை மணிக்கு மேல் பயணம். ஏறும்போதே எல்லாக் கைப்பேசியையும் ஒரு மைலோ டின்னில் வாங்கிப் போட்டு மூடி வைத்துவிட்டேன். பையன்களின் முகம் கருமாதி வீடு மாதிரி ஆயிற்று. பத்து நிமிடம் வெளியே செம்பனையைப் பார்த்தார்கள். செம்பனைக்கு அப்புறம் செம்பனை. பதினைந்தாவது நிமிடம் ஒருவன் வாந்தி எடுத்தான். இவ்வளவு நாள் கைப்பேசிதான் அவன் வயிற்றைப் பிடித்து வைத்திருந்ததோ என்னவோ.

அது போகட்டும். திடலில் இறங்கிய பிறகு பையன்கள் மந்தமாக ஆடினார்கள். தலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. நார்வேயின் கெய்ர் யோர்டெட் இதைத்தான் வருடக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கிறார்: பந்து வருவதற்கு முன் ஆட்டக்காரன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் பார்க்கிறான் என்று. அதில் ஃபிராங்க் லாம்பார்ட் பெரிய ஆள், கழுத்தில் ஸ்பிரிங் வைத்த மாதிரி. என் நடுத்திடல் பையன் நேற்று முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

கைப்பேசி இல்லையே, அப்புறம் ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

3 செப்டம்பர்

விடை கிடைத்துவிட்டது. கிடைத்த இடம் பிடிக்கவில்லை.

வேனில் கைப்பேசியைப் பிடுங்கியதால் நேரம் இருக்கிறதே என்று நான் பேச ஆரம்பித்தேன். வாந்தியைத் துடைத்துவிட்டுப் பேசினேன். இறங்கி, மரத்தடியில் வெள்ளைப் பலகையை நிறுத்திவிட்டும் பேசினேன். எதிரணி இப்படி வந்தால் நீ இங்கே, அப்படி வந்தால் நீ அங்கே, கார்னர் என்றால் இவன் முன்னால், பந்து வெளியே வந்தால் அவன் பின்னால். காந்தத்தை நகர்த்தி நகர்த்தி, "புரிந்ததா, திருப்பிச் சொல்லு" என்று ஒவ்வொருவனிடமும் கேட்டு. ரெபரி விசில் ஊதியபோதுதான் நிறுத்தினேன்.

கூட்டிப் பார்த்தால் ஐம்பது நிமிடம் வரும். எழுவர் ஆட்டம் பாதிக்கு ஏழு நிமிடம்தான்.

இதை எனக்குச் சொன்னது என் மனைவி. வேனில் முன்சீட்டில் இருந்தாள். "ஃபோன் பார்த்திருந்தால்கூடப் பதினைந்து நிமிஷத்தில் அலுத்திருக்கும். உங்களை நிறுத்த வழியில்லையே" என்றாள்.

8 செப்டம்பர், ஞாயிறு

எனக்கே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். இந்த ஆய்வுகளை எல்லாம் வேதமாக எடுக்க வேண்டாம். பெரும்பாலும் பன்னிரண்டு பேர், பதினான்கு பேர், பதினாறு பேர். 2020-இல் தாரியாஸ் ஹோல்காடோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எல்லாவற்றையும் எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். "ஆமாம், பாதிப்பு இருக்கிறது" என்று சொல்லும் ஆய்வுகளே அதிகம் அச்சேறியிருக்கலாம், அதைக் கழித்துப் பார்த்தால் உடல் திறன் மீதான பாதிப்பு நாம் நினைப்பதைவிடச் சின்னது, இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று எழுதினார்கள். எடைப்பாலப் பாஷையில் சொன்னால், வண்டி எடையைக் கழிக்காமல் பழ எடையைப் போட்டுவிட்டோமோ என்கிற சந்தேகம்.

ஓட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பாஸையும் முடிவெடுப்பதையும் பற்றி நான் மாற்றிக்கொள்ளவில்லை. ரெபரிக்குப் பாஸ் கொடுத்தவன் நான்.

பந்திங் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறார். பாதியைத்தான் சொன்னீர்கள் அண்ணே.

16 செப்டம்பர்

கோப்பி பற்றிக் கேட்டவர்களுக்கு. மூளை நெடுநேரம் உழைத்தால் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, அதுதான் வேலையைக் கூடுதல் பாரமாகக் காட்டுகிறது என்பது ஆய்வாளர்களிடம் இருக்கும் ஒரு விளக்கம். காஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) கொஞ்சம் உதவும். பதினாறு வயதுப் பையனுக்கு ஆட்டத்துக்கு முன் கோப்பி ஓ ஊற்றிக் கொடுக்க மாட்டேன். ராத்திரி தூங்க மாட்டான், மறுநாள் இன்னும் மோசம். ஏற்கெனவே சாம்பியன்ஸ் லீக் பார்க்கிறேன் என்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்காருகிற கூட்டம் இது. அதற்குப் பெயர் மூளைக் களைப்பு இல்லை, தூக்கக் கடன். மருந்தும் வேறு, பாயைப் போட்டுப் படுப்பதுதான்.

இதெல்லாம் நேற்று வந்த விஷயமும் இல்லை. இத்தாலியில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடலியல் பேராசிரியர் 1891-லேயே எழுதிவிட்டார். கூட வேலை பார்த்த இரண்டு பேராசிரியர்கள் நீண்ட விரிவுரையும் வாய்மொழித் தேர்வும் நடத்திவிட்டு வந்தபோது அவர்களின் தசை சீக்கிரம் களைத்ததை அளந்து காட்டினார். கவனியுங்கள், களைத்தது பேசியவர்கள். என்னிடம் ஐம்பது நிமிடம் கேட்டவர்களின் கதையை யாராவது அளந்திருந்தால் சொல்லுங்கள்.

5 அக்டோபர், சனி

பள்ளியில் சோதனைத் தேர்வு நேரம். படிவம் ஐந்துப் பையன்களுக்குப் புதன் பயிற்சியை எடுத்துவிட்டேன், சனிக்கிழமை காலைக்கு மாற்றியாயிற்று. ஒரு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "களைப்பிலேயே பழக வேண்டும் கோச், அப்போதுதான் கெட்டியாவான்" என்றார். முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே உடற்பயிற்சி செய்ய வைத்துத் தாங்கும் சக்தியை வளர்க்கிற முறை ஒன்று இருக்கிறது, மார்கோராவும் அதில் உண்டு. ஆனால் அது திட்டம் போட்டு, அளந்து, ஓய்வு கொடுத்துச் செய்வது. பசியோடு டியூஷனிலிருந்து வருகிறவனை விரட்டுவது அந்தப் பயிற்சியில் சேராது.

இப்போது ஆட்டத்துக்கு முன் நான் பேசுவது மூன்று வாக்கியம். மனைவி விரலை மடக்கி எண்ணுகிறாள். நான்காவதை ஆரம்பித்தால் இருமுகிறாள்.

3 நவம்பர், ஞாயிறு

தீபாவளிக் கிண்ணம் நேற்று. இரண்டாவது இடம். நன்றாகத்தான் ஆடினார்கள். இறுதியாட்டத்தில் நடுத்திடல் பையன் தலையைத் திருப்பாமல் நின்றதைப் பார்த்ததும் மாற்றிவிட்டேன். கால் இன்னும் இருக்கிறதே என்று அவனுக்கு வருத்தம். அடுத்த நிமிடமே கோல் வாங்கினோம், அதனால் நான் செய்தது சரியா தப்பா என்று உங்களிடம் கேட்க மாட்டேன்.

போன வருடம் பத்து ரவுண்டு ஓடினானே, அந்தப் பையன் இப்போது தொழிற்பயிற்சிக் கல்லூரியில். விடுமுறைக்கு வந்தவன் கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போய் அந்தப் புதன்கிழமை பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரியாமல் போயிற்று, தப்புதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"எந்தப் புதன்கிழமை கோச்? நீங்க எல்லாப் புதன்கிழமையும் ஓடவிட்டீங்களே."

பந்திங் அண்ணனுக்கு: வெட்டரன் அணியைக் கூட்டிக்கொண்டு டிசம்பர் முதல் ஞாயிறு வாருங்கள், நான்கு மணி. எங்கள் பக்கக் கோல் வலை கிழிந்திருக்கிறது, உங்களிடம் இருந்தால் ஒன்று எடுத்து வாருங்கள். மஞ்சள் சட்டை வேண்டாம்.